டெல்லிக்குப் போன ஈயச்சொம்பு

தினமும் காலை பதினொரு மணிக்குத் தபால்காரர் எங்கள் தெருவைத் தாண்டிப் போனதும் என் மாமியார் என்னிடம் ஒரு கேள்வி கேட்கிறார். "டெல்லிலேர்ந்து கடுதாசி வந்துதா? என் சொம்பைப் பத்தி அவா என்னதான் சொல்றா?"

நான் டெல்லியிலிருந்து திரும்பி ஐந்து வாரம் ஆகிறது. இன்றுவரை அந்தக் கேள்விக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. கடிதம் எதுவும் வரப்போவதில்லை என்பது எனக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது.

எல்லாம் ஒரு பத்திரிகைக் குறிப்பில் ஆரம்பித்தது. ஈயம் உடம்புக்கு நஞ்சு, குழந்தைகளுக்கு ரத்தம் குறையும், வயிறு வலிக்கும், பேச்சும் புத்தியும் தாமதமாகும் என்று நாலு வரி. கோலப் போட்டிக்கும் ஜவ்வரிசி வடகத்துக்கும் நடுவில் இருந்தது. அதை மறுபடியும் ஒருமுறை படித்தேன். என் பெண் கமலிக்கு அப்போது இரண்டரை வயது. "ம்மா", "தா" என்று இரண்டே சொற்கள்தான் பேசுவாள். வெளுத்திருப்பாள். அடிக்கடி வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுவாள். சோறு தின்ன ஆரம்பித்த நாளிலிருந்து அவளுக்கு ஊட்டியதெல்லாம் ஈயச்சொம்பில் வைத்த ரசம்தான்.

ஈயச்சொம்பைப் பார்த்திராதவர்களுக்கு: அது முழுவதும் ஈயத்தால் ஆன பாத்திரம். ரசத்துக்கு அதில் ஒரு தனி ருசி வரும். புளித்தண்ணீரை ஊற்றிய பிறகுதான் அடுப்பில் ஏற்ற வேண்டும். வெறும் சொம்பை வைத்தால் உருகிவிடும். கல்யாணமாகி வந்த மறுநாள் மாமியார் எனக்குச் சொன்ன முதல் விதி இது.

குறிப்பை மாமியாருக்குப் படித்துக் காட்டினேன். அவருக்குக் கண் சரியில்லை. பத்திரிகை, கடிதம் எல்லாம் நான்தான் படித்துக் காட்டுவேன்.

"முப்பது வருஷமா இந்தச் சொம்பு ரசத்தைச் சாப்பிட்டு வளர்ந்தவன்தான் உன் ஆத்துக்காரன். அவனுக்கு மூளை குறைச்சலான்னும் கேட்டு எழுதச் சொல்லு" என்றார்.

என் கணவர் பேப்பரை முகத்துக்கு நேரே உயர்த்திக்கொண்டு, "ரெண்டு பேர் சொல்றதும் சரிதான்" என்றார். அவர் பாங்கில் வேலை செய்கிறார். இரண்டு பக்கமும் சமமாக இருந்தால் போதும் அவருக்கு.

டெல்லியில் இருக்கும் என் அக்கா ராஜி, பதினைந்து நாள் வந்து இருந்துவிட்டுப் போ என்று ரொம்ப நாளாக எழுதிக்கொண்டிருந்தாள். உலோகங்களைச் சோதிக்கிற அரசாங்க ஆராய்ச்சி நிறுவனம் ஒன்று அங்கே இருப்பதாகவும், வருஷத்தில் ஒரு சனிக்கிழமை பொதுஜனங்களை உள்ளே விடுவார்கள் என்றும் அவள் கணவர், என் அத்திம்பேர், ஒரு கடிதத்தில் எழுதியிருந்தார். நான் மாமியார் முன்னால் போய் நின்றேன். "சொம்பையும் எடுத்துண்டு போறேன். சோதிச்சுப் பார்த்துட்டு வரேன்" என்றேன். கல்யாணமான நாலு வருஷத்தில் நான் அவரை எதிர்த்துச் சொன்ன முதல் வாக்கியம் அதுதான் என்று நினைக்கிறேன்.

அவர் சொம்பைத் தாமே தேய்த்து, ஒரு பழைய வேட்டியில் சுற்றிக் கொடுத்தார். "நசுங்காம கொண்டு வா. குத்தம் இல்லேன்னு அவா எழுதிக் கொடுத்தா அதை நீயே எனக்குப் படிச்சுக் காட்டணும்."

ரயிலில் இரண்டு ராத்திரி. புளியோதரை முதல் நாளே தீர்ந்துபோனது. மறுநாள் ஏதோ ஒரு ஸ்டேஷனில் பூரியும், மஞ்சள் மட்டும் போட்ட உருளைக்கிழங்கும் வாங்கினேன். எதிரில் இருந்த நாக்பூர் அம்மாள் கமலிக்கு ஆரஞ்சு உரித்துக் கொடுத்தார். வடக்கே போகப் போக டீயை மண் குவளையில் தந்தார்கள். குடித்துவிட்டு ஜன்னல் வழியாக எறிகிறார்கள். எந்தப் பாத்திரத்தில் என்ன இருக்கிறதோ என்று இவர்கள் கவலைப்பட வேண்டியதில்லை என்று பொறாமையாக இருந்தது. அப்புறம், அந்த மண்ணில் என்ன இருக்கிறதோ என்றும் தோன்றியது. என் புத்தி அப்படி ஆகியிருந்தது.

டெல்லியில் இறங்கியபோது தை மாதக் குளிர். பிளாட்பாரத்தில் பேசுகிறவர்கள் வாயிலிருந்தெல்லாம் புகை வந்தது. கமலி அதைப் பிடிக்கக் கையை நீட்டி, "தா" என்றாள்.

அக்காவுக்குச் சரோஜினி நகரில் அரசாங்கக் குவார்ட்டர்ஸ். பக்கத்து வீட்டு வாசலில் கரி அடுப்பு புகைந்துகொண்டிருந்தது. "ஜல்தி உள்ள வா, குழந்தைக்குக் குளிரப்போறது" என்று இழுத்துக்கொண்டு போனவள், கம்பளியை விலக்கிக் கமலியைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். "என்னடி இப்படி வெளுத்திருக்கா?"

அதே கேள்வியை ஊரில் எல்லோரும் கேட்டுவிட்டார்கள். ஆனால் அக்கா கேட்டதும் அழுதுவிட்டேன்.

ராத்திரி சாப்பாட்டில் சிவப்புக் காரட் அல்வாவும், எவர்சில்வர் பாத்திரத்தில் வைத்த ரசமும் இருந்தன. அல்வா பிரமாதம். ரசத்தைப் பற்றி அக்காவே சொல்லிவிட்டாள்: "எவர்சில்வர்ல வெச்சா இது ரசமே இல்லடி, வெறும் வெந்நீர்." அத்திம்பேர் மத்திய அரசாங்கத்தில் அப்பர் டிவிஷன் கிளார்க். எதைக் கேட்டாலும் கோப்பு எழுதுகிற மாதிரிதான் பேசுவார்.

"சொம்பு பார்ட்டி வந்தாச்சா? பொருள்: ஒரு ரசப் பாத்திரத்தின் மீது மாட்டுப்பெண் தொடுத்த வழக்கு. சாட்சி: பத்திரிகைத் துணுக்கு. அப்படித்தானே?"

"சிரிச்சுக்கோங்கோ அத்திம்பேரே" என்றேன். "சனிக்கிழமை நான் போகத்தான் போறேன்."

சனிக்கிழமை வரைக்கும் பொறுக்க முடியவில்லை. வியாழக்கிழமையே கமலியை இடுப்பிலும் சொம்பைப் பையிலும் எடுத்துக்கொண்டு தனியாகக் கிளம்பினேன். முன்னாலேயே போய் விசாரித்து வைத்தால் நல்லது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் வீட்டில் உட்கார முடியவில்லை, அவ்வளவுதான்.

அந்த ஊர் பஸ் நிற்பதில்லை. வேகத்தைக் குறைக்கும், நாம் தாவ வேண்டும். தாவினேன். பை சாய்ந்து, வேட்டித் துணி அவிழ்ந்து, சொம்பு பஸ்ஸின் கடைசிவரை உருண்டு போனது. ஆளுக்கு ஆள் கைமாறித் திரும்பி வந்தது. ஒரு பஞ்சாபி அம்மாள் அதைத் தட்டிப் பார்த்து, "வெள்ளியா மகளே? இப்படியா பையில் போட்டுக்கொண்டு திரிவாய்?" என்று கடிந்துகொண்டார். சொம்பின் வயிற்றுப் பக்கம் ஒரு இடத்தில் உள்ளே போயிருந்தது. நசுங்காமல் கொண்டு வா என்று சொல்லித்தானே மாமியார் அனுப்பினார்!

அந்தக் குழப்பத்தில் இறங்க வேண்டிய இடம் போய்விட்டது. புசா ரோடில் இறக்கிவிட்டார்கள். பள்ளிக்கூடம் விடுகிற நேரம். "பையா, ஏக் மினிட் ருக்கோ! எங்கம்மா வந்துண்டிருக்கா!" என்று நிற்கச் சொல்லி ஒரு பெண் குழந்தை ரிக்‌ஷாக்காரரிடம் கத்திக்கொண்டிருந்தது. அந்த அரைத் தமிழைக் கேட்டதும் எனக்கு மூச்சு வந்தது. அங்கே நின்ற ஒரு அம்மாளிடம் வழி கேட்டு, ஸ்கூட்டர் ரிக்‌ஷா பிடித்தேன். ஓட்டிய சர்தார்ஜி சிக்னலில் நிற்கும்போதெல்லாம் சொம்பை வாங்கி, கட்டைவிரலால் உள்ளிருந்து அழுத்தி, நசுங்கலைப் பாதிக்குமேல் நிமிர்த்திக் கொடுத்துவிட்டார்.

நிறுவனத்தின் வாசலில் காவலர் உள்ளே விடவில்லை. "சனிக்கிழமை வாருங்கள் சகோதரி. அன்றைக்கு யார் வேண்டுமானாலும் வரலாம்."

"இதை மட்டும் யாரிடமாவது காட்ட வேண்டும்" என்று என் ஓட்டை இந்தியில் சொன்னேன்.

அவர் சொம்பைப் பார்த்தார். "இங்கே பாத்திரம் பழுது பார்க்க மாட்டார்கள்."

சனிக்கிழமை காலை அந்த வாசலில் முதல் ஆளாக நான் நின்றேன். அத்திம்பேரும் கூட வந்தார். வழக்கு எப்படி முடிகிறது என்று பார்க்க வேண்டுமாம்.

நிறுவனத்தின் பெயரை எழுத வேண்டாம் என்று அங்கே கேட்டுக்கொண்டார்கள். ஆனால் உள்ளே பார்த்ததை எழுதலாம். ஒரு பொருள் எதனால் ஆனது, ஏன் உடைகிறது, ஏன் துருப்பிடிக்கிறது, எவ்வளவு சூடு தாங்கும், இதெல்லாம்தான் அங்கே வேலை. சொன்னால் சாதாரணமாக இருக்கிறது. முதல் அறையில் ஒரு இயந்திரம் விரல் கனமுள்ள இரும்புக் கம்பியை இரண்டு பக்கமும் பிடித்து மெதுவாக இழுத்தது. கம்பி நடுவில் இளைத்தது. இன்னும் இளைத்தது. படாரென்று அறுந்தது. கமலி அழவில்லை. கைதட்டினாள். பாலம் கட்டுவதற்கு முன் இப்படி இழுத்துப் பார்த்துத்தான் இரும்பைத் தேர்ந்தெடுப்பார்களாம்.

அடுத்த அறையில் மைக்ராஸ்கோப். கண்ணாடி மாதிரி தேய்த்த பித்தளைத் துண்டு ஒன்றை அடியில் வைத்திருந்தார்கள். குனிந்து பார்த்தால், ஒழுங்கில்லாமல் கல் பாவிய தரை மாதிரி இருந்தது. உலோகம் என்றால் ஒரே வழவழப்பு என்று நினைத்திருந்தேன். உள்ளே மணி மணியாக இருக்கிறது. பெரும்பாலும் எல்லா உலோகமும் இப்படித்தான் என்றார்கள். எங்கள் வீட்டுக் குத்துவிளக்கும் உள்ளே இப்படித்தான் என்று நினைத்தபோது உடம்பு சிலிர்த்தது. மூன்றாவது அறையில் உலை. நீலக் கண்ணாடி வழியாகப் பார்க்கச் சொன்னார்கள். நான்காவதில் ராக்கெட்டுக்கு ஆகும் உலோகங்கள், ஒவ்வொன்றுக்கும் அட்டையில் ஆங்கிலத்திலும் இந்தியிலும் விளக்கம்.

அதன் கோடியில் ஒரு மேஜை. கண்ணாடி போட்ட அதிகாரி ஒருவர் உட்கார்ந்திருந்தார். எதிரில் 'உங்கள் கேள்விகள்' என்று எழுதியிருந்தது. நான் சொம்பை எடுத்து மேஜைமேல் வைத்தேன். பி.யு.சி.யில் படித்த ஆங்கிலம் முழுவதையும் திரட்டி, "சார், இது எங்கள் வீட்டு லெட் பாத்திரம். இதில் சமைக்கிறோம்" என்றேன்.

ஈயம் என்றால் ஆங்கிலத்தில் லெட். அகராதியில் பார்த்துவிட்டுத்தான் போயிருந்தேன்.

அவர் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டார். "லெட்டிலா? சமையலா? எவ்வளவு நாளாக?"

"முப்பது வருஷத்துக்கு மேல்."

"இந்தக் குழந்தையும் சாப்பிடுகிறதா?"

தலையாட்டினேன். அவர் பக்கத்து அறையிலிருந்து இரண்டு பேரைக் கூப்பிட்டார். கூட்டம் கூடிவிட்டது. "தென்னிந்தியாவில் இவர்கள் லெட்டில் சூப் செய்கிறார்களாம்" என்று யாரோ இந்தியில் சொன்னார். "அதனால்தான் குழந்தை இப்படி இருக்கிறது" என்று வேறொரு குரல். அந்த வாக்கியத்துக்காகத்தானே இரண்டு ராத்திரி ரயிலில் வந்தேன்? மாமியாரிடம் நான் ஜெயித்துவிட்டேன். கமலியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அவள் திமிறினாள்.

"என்னத்த கொண்டாந்திருக்கீங்க?" என்று தமிழில் ஒரு குரல் கேட்டது.

வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒரு பெண். என் வயதுதான் இருக்கும். பெயர் கிரேஸ், சொந்த ஊர் பாளையங்கோட்டை, அந்தச் சோதனைக்கூடத்தில்தான் வேலை என்று பிறகு தெரிந்தது.

"ஈயச்சொம்பு" என்றேன்.

"எந்த ஈயம்?"

"ஈயம்தான்."

"ஈயத்துல ரெண்டு இருக்குல்லா? வெள்ளீயமா, காரீயமா?"

அந்தச் சொற்களைப் பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறேன். பரீட்சையோடு மறந்துபோன சொற்கள். காரீயம்தான் லெட், அதுதான் நஞ்சு. வெள்ளீயம் வேறு உலோகம், ஆங்கிலத்தில் டின். பித்தளைப் பாத்திரத்துக்குப் பூசுவது அது. இரண்டையும் நாம் ஈயம் என்றே சொல்கிறோம். கடையில் சொல்கிறோம், அடுப்படியில் சொல்கிறோம். அந்தப் பத்திரிகையும் வெறுமே ஈயம் என்றுதான் எழுதியிருந்தது.

கிரேஸ் சொம்பைக் கையில் வாங்கித் தூக்கிப் பார்த்தார். "இது மட்டும் காரீயமா இருந்தா ஒத்தக் கையால தூக்கிட்டுத் திரிய மாட்டீங்க. வாங்க, எடை போட்டுப் பாப்போம். சார் பயந்துபோய் நிக்காரு."

சொம்பைத் தராசில் வைத்து ஒரு எடை எடுத்தார். அப்புறம் நூலில் கட்டித் தண்ணீருக்குள் தொங்கவிட்டு இன்னொரு எடை. இரண்டையும் வைத்துக் கணக்குப் போட்டால், அதே அளவு தண்ணீரைவிட அந்தப் பொருள் எத்தனை மடங்கு கனம் என்று தெரிந்துவிடும். வெள்ளீயம் ஏழு மடங்கும் சொச்சமும். காரீயம் பதினொரு மடங்குக்கும் மேல். "ஏழும் சொச்சமும்" என்றார் கிரேஸ். "உங்க சொம்பு நல்ல சொம்புதான்."

அத்திம்பேர் தொண்டையைச் செருமினார். "ஆக, உன் மாமியார் விடுதலை."

கிரேஸ் மேஜையிலிருந்து வெள்ளீயக் குச்சி ஒன்றை எடுத்துக் கமலியின் காதருகே வளைத்துக் காட்டினார். கறுக் கறுக்கென்று, யாரோ பல்லைக் கடிப்பதுபோல் ஒரு சத்தம். வெள்ளீயம் வளைந்தால் அப்படிக் கத்துமாம். உள்ளே இருக்கிற மணிகள் நெளிந்து கொடுக்கிற சத்தம் அது. கமலி கையை நீட்டி, "தா" என்றாள்.

எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். இருந்தது. கூடவே வெட்கமாகவும் இருந்தது. ஒரு நல்ல பாத்திரத்தையும் அதை நம்பிய ஒரு மனுஷியையும் ஊர் ஊராக இழுத்துக்கொண்டு வந்து நிறுத்திவிட்டேனே என்று. சொம்பை வாங்கக் கை நீட்டினேன். கிரேஸ் தரவில்லை. கவிழ்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கணக்கு லேசாத் தூக்கல் அடிக்குதேன்னு பாத்தேன். அடியில இது என்ன? இந்த இடம் மட்டும் வேற நிறமா இருக்கே?"

அதை நான் அதுவரை யாரிடமும் சொன்னதில்லை. இப்போதுதான் முதல் தடவையாக எழுதுகிறேன்.

கமலிக்கு அப்போது ஆறு மாசம். மாமியார் நாத்தனார் வீட்டுக்குத் திருச்சி போயிருந்தார். நான் சொம்பை அடுப்பில் வைத்துவிட்டுப் புளியைக் கரைத்துக்கொண்டிருந்தேன். கூடத்தில் குழந்தை வீறிட்டது. ஓடினேன். தூளியிலிருந்து பாதி தொங்கிக்கொண்டிருந்தாள். அவளை எடுத்துச் சமாதானப்படுத்திவிட்டுத் திரும்பி வந்தபோது, வெறும் சொம்பின் அடியில் புளியங்கொட்டை அளவுக்கு ஓட்டை. முதல் நாள் சொல்லிக்கொடுத்த முதல் விதி!

அன்று சாயங்காலமே கடைத்தெரு ரேடியோ ரிப்பேர்க்காரரிடம் கொண்டுபோனேன். அவர் ரேடியோவில் கம்பி ஒட்ட உருக்கி வைக்கிற பற்றை வைத்து ஓட்டையை அடைத்துக் கொடுத்தார். "இது சமையல் பாத்திரமாச்சே, பரவாயில்லையா?" என்று கேட்கவும் கேட்டேன். "சொம்பும் ஈயம், பத்தும் ஈயம். ஈயத்தோட ஈயம் ஒட்டாம வேற என்னக்கா ஒட்டும்?" என்றார். சரியாகத்தான் பட்டது. மாமியார் திரும்பி வந்தார். கண் சரியில்லாததால் கண்டுபிடிக்கவில்லை. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

இதையெல்லாம் நான் சொல்லக் கிரேஸ் கேட்டுக்கொண்டார். பிறகு பற்றின் மேல் ஒரு துளி அமிலம் விட்டார். கொஞ்சம் பொறுத்து இன்னொரு துளி, வேறொரு சீசாவிலிருந்து. மஞ்சள் பூத்தது. மாங்கல்யச் சரட்டில் பூசுகிற மஞ்சள் மாதிரி, அவ்வளவு பளிச்சென்று.

"காரீயம்" என்றார். "ரேடியோப் பத்துல ரெண்டு ஈயமும் கலந்திருக்கும். ரேடியோவை யாரும் திங்கப் போறதில்ல. ஆனா புளித்தண்ணி அதைக் கரைச்சு இழுத்துரும்."

கமலி சாப்பிட்ட முதல் வாய் ரசம் சாதமே அந்தப் பற்றுக்குப் பிறகுதான். முப்பது வருஷம் ஒன்றும் செய்யாத பாத்திரம். நான் தொட்டேன்.

"இதனாலதான் இவ பேசலையா?" என்று கேட்டேன்.

"எனக்கு உலோகம் தெரியும். பிள்ளையப் பத்தித் தெரியாது. தெரியாததைச் சொல்ல மாட்டேன். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. இன்னைல இருந்து இதுல வைக்காதீங்க. நானும் இதே கூடத்துலதான் இருக்கேன். இந்தப் பத்தைத் தொட்ட கையோட எத்தனை நாள் முறுக்கு தின்னிருக்கேன் தெரியுமா? தெரிஞ்சவங்க லட்சணமே இது."

அதற்குள் அந்த அதிகாரி அருகில் வந்திருந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, அன்பாகத்தான் சொன்னார்: "நம் பெண்கள் அறியாமையால் இப்படிச் செய்துவிடுகிறார்கள். தூக்கி எறிந்துவிடுங்கள் அம்மா."

அன்பாகச் சொன்னதுதான் என்னைக் கிளப்பிவிட்டது. வழக்கமாக நான் தலையாட்டுகிறவள். அன்றைக்கு என்னவோ ஆட்டவில்லை.

"யாருடைய அறியாமை சார்?" என்றேன். ஆங்கிலம் தடுமாறியது. தடுமாறட்டும் என்று விட்டுவிட்டேன். "பத்திரிகை படித்தேன். அகராதி பார்த்தேன். பற்று வைத்தவரிடம் கேட்டேன். எல்லோரும் ஒரே சொல்லைத்தான் சொன்னார்கள். காலையிலிருந்து உங்களுடைய நாலு அறை பார்த்தேன். ராக்கெட்டுக்கு எது, பாலத்துக்கு எது என்று அட்டை எழுதி வைத்திருக்கிறீர்கள். குழந்தைக்குச் சோறு வைக்கிற பாத்திரத்துக்கு எது என்று ஒரு அட்டை இல்லை. நீங்கள் எழுதி வைக்காததை நான் எங்கே போய்ப் படிப்பது?"

அத்திம்பேர் என் புடவைத் தலைப்பை இழுத்தார். "போறும்மா, கவர்மெண்ட் ஆபீஸ் இது."

"கவர்மெண்டுன்னா நம்மளுதுதானே அத்திம்பேரே? அதனாலதான் கேக்கறேன்."

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கோபித்துக்கொள்வார் என்று எதிர்பார்த்தேன். மேஜைக்கு அடியிலிருந்து ஒரு வெள்ளை அட்டையை எடுத்து என் முன்னால் வைத்தார். "நியாயம். எழுதுங்கள்."

ஆங்கிலத்திலும் இந்தியிலும் கிரேஸ் எழுதினார். தமிழில் நான் எழுதினேன்: 'ஈயம் இரண்டு. எந்த ஈயம் என்று கேளுங்கள். பற்று வைத்த பாத்திரத்தில் சமைக்காதீர்கள்.' மத்தியானம் முழுவதும் சொம்பு அந்த அட்டைக்குப் பக்கத்தில் கவிழ்ந்தபடி இருந்தது, மஞ்சள் அடி தெரிய. காண்டீனில் ராஜ்மாவும் சோறும் அவசரமாகத் தின்றுவிட்டு வந்து நானும் அங்கேயே நின்றேன். கரோல் பாகிலிருந்து வந்த ஒரு மாமி, "எங்காத்துலயும் ஒண்ணு இருக்கே!" என்று மார்பில் கை வைத்துக்கொண்டார். அவர் பிள்ளைக்குத் தமிழ் படிக்க வரவில்லை. "மம்மி, இது என்ன எழுத்து, ய-வா?" என்று கேட்டுக்கொண்டிருந்தான். ஒரு மலையாள நர்ஸ் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு போனார். நான் பயந்தபடி யாரும் என்னைத் திட்டவில்லை. பாதிப் பேர் தங்கள் வீட்டில் எது எது பற்று வைத்தது என்று விரல்விட்டு எண்ணிக்கொண்டு போனார்கள்.

மாலையில் அதிகாரி, சொம்பை நிறுவனத்துக்கே கொடுத்துவிட முடியுமா, அடுத்த வருஷமும் வைக்கலாம் என்று கேட்டார். அத்திம்பேர் என் காதில் கிசுகிசுத்தார். "கொடுத்துடு. சொம்பே விஷம்னு கண்டுபிடிச்சு வாங்கி வெச்சுண்டுட்டான்னு மாமியார்கிட்ட சொல்லிடு. பத்து மேட்டர் வெளில வரவே வராது. ஃபைல் க்ளோஸ்."

நல்ல யோசனை. அதை நான் யோசிக்கவே இல்லை என்று சொன்னால் பொய். ஒரு நிமிஷம், ஏன், இரண்டு நிமிஷம்கூட யோசித்தேன்.

"இது என்னுடையது இல்லை சார். கொடுத்தவரிடம் திருப்பிக் கொடுக்க வேண்டும்" என்றேன். வேட்டித் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

திங்கட்கிழமை அக்கா எங்களை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். டாக்டர் கமலியிடம் ரத்தம் எடுத்தார். சோகை இருக்கிறது, டானிக் கொடுங்கள் என்றார். பேச்சைப் பற்றிக் கேட்டேன். சில குழந்தைகள் தாமதமாகத்தான் பேசும், அதனாலா இதனாலா என்று இப்போது சொல்ல முடியாது, பொறுத்துப் பார்க்கலாம் என்றார். அவருக்கும் தெரியவில்லை. தெரியாது என்று சொல்கிறவர்கள் இரண்டு பேரை அந்த ஊரில் பார்த்தேன். இருவர் மேலும் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் ராத்திரி தூக்கத்துக்கு அந்த மரியாதை உதவவில்லை.

ஊருக்குத் திரும்பினேன். வாசலிலேயே மாமியார் கேட்டுவிட்டார், "என்ன சொன்னா?" சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "தபால்ல எழுதறேன்னு சொன்னா" என்று வந்தது. அதிலிருந்துதான் இந்தத் தபால்காரர் விவகாரம். சொம்பு என் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. ரசம் எவர்சில்வரில். மாமியார் ஒரு வாய் குடித்துவிட்டுத் தம்ளரைத் தள்ளி வைக்கிறார். தீர்ப்பு வரும்வரை காத்திருக்கிறார்.

கமலி மூன்றாவதாக ஒரு சொல் பேசுகிறாள். "சலோ." போகலாம் என்பதற்கு இந்தி, டெல்லி பஸ்ஸில் கேட்டுக் கற்றது. டானிக்காலா, சொம்பை நிறுத்தியதாலா, வயது வந்ததாலா, யாருக்குத் தெரியும்? "இது எந்த ஊர் பாஷைடி?" என்று மாமியார் அவளைக் கொஞ்சுகிறார். அப்படிக் கொஞ்சும்போதுதான் எனக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது. அப்போதுதான் சொல்லவும் முடியவில்லை.

ஓட்டை போட்டதற்கு நான் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. தூளியில் தொங்கிய குழந்தையைப் பிடிக்க மறுபடியும் ஓடத்தான் ஓடுவேன். எத்தனை சொம்பு உருகினாலும் ஓடுவேன். மறைத்தது வேறு. அதைத்தான் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. "உன் பற்றால்தான் என் பேத்தி இப்படி" என்று அவர் சொல்லிவிட்டால், இல்லை என்று மறுக்க என்னிடம் ஒரு சான்றும் கிடையாது.

இந்தப் பத்திரிகையையும் அவருக்கு நான்தான் படித்துக் காட்டுகிறேன். அட்டை முதல் அட்டை வரை, விளம்பரம் உட்பட. இந்தக் கட்டுரை அச்சானால் அந்த இதழும் என் கைக்குத்தான் முதலில் வரும். ஒரு வாரம் அரிசி டின்னுக்குப் பின்னால் ஒளித்து வைக்க முடியும். அதற்குமேல் முடியாது, கேட்டுவிடுவார். அந்த ஒரு வாரத்துக்குள் நீங்கள் எழுதிச் சொல்ல வேண்டும். மாமியாராக இருக்கிறவர்கள் முக்கியமாக எழுதுங்கள். இந்தப் பக்கத்தை அவருக்கு வரி விடாமல் படிப்பதா? அல்லது இரண்டு தாளைச் சேர்த்துப் புரட்டிவிட்டு, அடுத்த பக்கத்துக் கோலத்துக்குப் போய்விடுவதா?

எந்த யோசனை வேண்டுமானாலும் சொல்லுங்கள். சொம்பின் மேல் பழியைப் போட்டுவிடு என்று மட்டும் யாரும் எழுத வேண்டாம்.